ஒரு நிமிஷம் நிறுத்துங்க

மாமா வலது கையைத் தோளுக்கு மேலே தூக்கி உள்ளங்கையை விரித்துக் காட்டினார் என்றால், அங்கே நடந்துகொண்டிருக்கிற வேலை எதுவானாலும் நின்றாக வேண்டும். அப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். பெரும்பாலும் நிற்காது. கூடியிருப்பவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள், அல்லது எரிந்து விழுவார்கள். மாமா கையை இறக்கமாட்டார். "ஒரு நிமிஷம் நிறுத்துங்க" என்பார். கத்தமாட்டார். பஸ்ஸில் பக்கத்து சீட்காரரிடம் கொஞ்சம் நகரச் சொல்கிற குரல்தான்.

அவர் என் அக்காவின் கணவர். எங்களுடையது பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி போடுகிற ஊர். கடலுக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பெண் பார்க்க வந்தபோது, "பையனுக்குக் கடல்ல வேலைங்க" என்று தரகர் சொன்னதைக் கேட்டு எங்கள் அத்தை, "எத்தன ஏக்கர் போட்டிருக்காங்க?" என்று கேட்டார். எங்கள் காதுக்குக் கடல் என்றாலும் நிலக்கடலைதான். கூடத்தில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். மாமா மட்டும் சிரிக்காமல், எண்ணெய் எடுக்கக் கடலில் கிணறு தோண்டுகிற மேடை ஒன்றில் தாம் வேலை பார்ப்பதாக அத்தைக்குப் பொறுமையாக விளக்கினார். அது தரையில் கால் ஊன்றி நிற்பதில்லையாம். பெரிய பெரிய இரும்புத் தூண்கள், அவற்றுக்கு அடியில் படகு போல இரண்டு மிதவைகள். மிதவைக்குள் தண்ணீரை விட்டால் மேடை இறங்கும், தண்ணீரை வெளியே தள்ளினால் ஏறும். எப்போதும் பாதி முழுகியே நிற்கும். எட்டுத் திசையிலும் நங்கூரம்.

"பாதி முழுகியே நிக்கிதா?" என்றார் அத்தை. "மீதி முழுகாதுங்களா?"

"அதப் பாத்துக்கத்தான் எனக்குச் சம்பளங்க."

ஒரு மாதம் காக்கிநாடாவுக்கு அப்பால் கடலில் இருப்பார், ஒரு மாதம் ஊரில் இருப்பார். ஊரில் இருக்கிற மாதம்தான் எங்களுக்குப் பிரச்சினை.

என் கல்யாணம் பாப்பாரப்பட்டியில் நடந்தது. முகூர்த்தம் முடிந்து பந்தி போடப்போகிற நேரம். மண்டபத்துச் சமையல்கட்டில் மாமா கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். அடுப்புக்குப் போகிற ரப்பர் குழாய் ஓரிடத்தில் உருகி மெழுகு மாதிரி இருக்கிறதாம். நேரே போய் சிலிண்டரை மூடிவிட்டார். சாதம் அரை வேக்காட்டில் நிற்கிறது.

தலைமைச் சமையல்காரருக்கு வந்ததே கோபம். "நான் பொறந்ததுலேர்ந்து கரண்டி புடிக்கறனுங்க. எனக்கு நீங்க சொல்லித் தர்றீங்களா?"

"கரண்டி புடிங்க, நான் வேணாங்கல. இந்த டியூப்ப மாத்திட்டுப் புடிங்க."

கடைத்தெருவில் இருந்து புதுக் குழாய் வந்து சேர்வதற்குள் மாப்பிள்ளை வீட்டார் முகம் சுருங்கிவிட்டது. பந்தி தாமதம் என்பது எங்கள் பக்கம் சின்ன விஷயம் இல்லை. அக்கா ஒரு தூண் மறைவில் நின்று அழுதாள். அன்றிலிருந்து என் புகுந்த வீட்டில் அவருக்கு 'ஸ்டாப்பு' என்று பேராகிவிட்டது. "ஸ்டாப்பு வர்றாரு, அடுப்ப அணைங்க" என்பான் என் கொழுந்தன். மாமா காதில் விழும்படியே சொல்வான். மாமா அதற்கும் கோபித்துக்கொண்டதில்லை. "எங்க மேடையில சமையல்காரன்கூட நிறுத்தலாம் பாப்பா" என்று என்னிடம் சொல்வார். "பெரிய ஆபீசர் வேலை வாங்கிட்டு இருப்பாரு. பாத்திரம் கழுவறவன் கையத் தூக்குனா அவரும் நிக்கணும். சுவருக்குச் சுவர் எழுதிப் போட்டிருக்கறாங்க."

அதை அவர் நம்பினார். சாமியை நம்புகிற மாதிரி நம்பினார்.

அப்பாவின் காட்டில் தண்ணீருக்கு ஆழ்துளைப் போர் போட்டபோதும் இதுதான். தண்ணீர் வரவில்லை. போர் வண்டிக்காரர்கள் குழாய்களை உருவிக்கொண்டு, துளையின் மேல் ஒரு கோணிச் சாக்கைப் போட்டுக் கல்லை வைத்துவிட்டுக் கிளம்பப் பார்த்தார்கள். மாமா வண்டிக்கு முன்னால் போய் நின்றார். மூடி போட்டுவிட்டுப் போங்கள் என்றார். நாளைக்கு சிமென்ட் பூசிக்கொள்ளலாம் என்று அப்பாவே சொன்னார். "நாளைக்கு வரைக்கும் அது திறந்துதானுங்களே இருக்கும்" என்று சொல்லிவிட்டு மாமா போய் அந்தத் துளை மேலேயே உட்கார்ந்துவிட்டார். தலையில் துண்டு, சுற்றிலும் கொதிக்கிற வெயில், புழுதி. பாலக்கோட்டில் இரும்பு மூடி அடித்துக்கொண்டு வரும்வரை எழவில்லை. ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. கேட்டவர்களிடம் எல்லாம், "ஓட்டைக்கு நாமதான காவல்" என்றார்.

சாப்பிடும்போது அவருக்குக் கதை சொல்ல வேண்டும். களியைப் பிய்த்துக் கீரையில் தோய்த்துக்கொண்டே கடலில் செத்துப்போன மேடைகளின் கதையைச் சொல்வார். குளிர்நாட்டுக் கடலில் ஒரு மேடையாம். அதன் தூண்களை இணைக்கிற குழாய் ஒன்றில் ஏதோ ஒரு கருவியைப் பொருத்த வட்டமாக ஓட்டை போட்டு வெல்டிங்கில் பற்றவைத்திருந்தார்கள். அந்தப் பற்று சரியில்லை. அதில் மயிரிழை போல விரிசல் விட்டு, வருஷக்கணக்கில் மெதுவாக வளர்ந்து, ஒரு புயல் நாளில் மேடையின் ஒரு காலே கழன்று போனது. அத்தனை பெரிய இரும்பு மலை, உள்ளே ஆட்கள் இருக்கும்போதே கவிழ்ந்தது. இன்னொன்றில், அலை அடித்து ஒரு சின்ன வட்டக் கண்ணாடி உடைந்தது. உள்ளே தெறித்த உப்புத் தண்ணீர், மேடையை ஏற்றி இறக்குகிற சுவிட்சுகள் மேல் விழுந்தது. அங்கே இருந்தவர்களுக்கு அதைக் கையால் எப்படிச் சரிசெய்வது என்று சரியாகச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. மேடை சாய்ந்தது. ஒருத்தரும் மிஞ்சவில்லை.

"சாப்புடறப்ப சாவுக் கதை வேணாங்க" என்பாள் அக்கா.

"சாவு இல்ல அது. அதுக்கு முன்னாடி நடந்ததத்தான சொல்றன்" என்பார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஒவ்வொண்ணுலயும் யாராவது ஒருத்தன் முன்னாடியே பாத்திருப்பான் பாப்பா. பாத்துட்டு, நமக்கெதுக்குன்னு போயிருப்பான்" என்பார்.

அந்த மேடையில் அவருக்கு ஒரு சிநேகிதர் இருந்தார். சூரிபாபு என்று பேர். ராஜமந்திரிப் பக்கத்துக்காரர், வெல்டர். மாமா வீட்டில் தெலுங்கும் பேசுவார்கள். நடுக்கடலில் தாய்மொழியில் பேசுவதற்கு ஒருத்தர் கிடைத்ததில் இருவரும் ஒட்டிக்கொண்டார்கள். ஒரு முறை சூரிபாபு ஊருக்கு வந்திருந்தார். கறுத்து உயர்ந்த மனுஷர். களியை மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும் என்று தெரியாமல் மென்றுகொண்டே இருந்தார். எல்லோரும் சிரித்தோம். "இவர் கூட இருந்தா தைரியமா தொட்டிக்குள்ள இறங்குவேன்" என்று மாமாவைக் காட்டித் தெலுங்கு கலந்த தமிழில் சொன்னார். "இவரு வாசல்ல நின்னா எமன் வந்தாலும் 'ஒரு நிமிஷம் நிறுத்துங்க' அப்படின்னுவாரு."

அந்தத் தொட்டி விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். மிதவைக்குள் தண்ணீர் அடைக்கிற தொட்டிகள் அறை அறையாக இருக்கும். அவ்வப்போது வடித்துவிட்டு உள்ளே ஆள் இறங்கித் துருவைச் சுரண்டிப் பற்றுவைக்க வேண்டும். மூடிக்கிடக்கிற இரும்பறையில் துருப்பிடிக்கும்போது, மூச்சுவிடுகிற காற்றைத் துருவே தின்றுவிடுமாம். கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. அதனால் ஒரு மீட்டரை வைத்துக் காற்றைப் பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும், வாசலில் ஒருத்தர் காவல் நிற்க வேண்டும். ஒரு நாள் மாமா காவல். உள்ளே இறங்க வேண்டியவர் சூரிபாபு. காலையில் காற்றைப் பார்த்தாயிற்று, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி இறங்கப் போகிறார். மாமா கையைத் தூக்கிவிட்டார். மறுபடி பாருங்கள் என்றார். மீட்டரை எடுத்துப் பார்த்தால் அது சரியாக வேலை செய்யவில்லை. வேறு மீட்டர் கரையில் இருந்து படகில் வர வேண்டும். அதுவரை வேலை நின்றது. அந்த வேலை நின்றதால் அதற்கடுத்த வேலையும் நின்றது. மேடை ஒரு நாள் சும்மா நின்றால் ஆகிற நஷ்டத்தை நம் ஊர்க் கணக்கில் சொல்லவே முடியாதாம்.

மீட்டர் வந்தது. பார்த்தார்கள். காற்று நன்றாகத்தான் இருந்தது.

அதற்காக யாரும் திட்டவில்லை. பெரிய அதிகாரி எல்லோருக்கும் முன்னால் மாமாவின் கையைக் குலுக்கி, ஒரு தொப்பியைப் பரிசாகக் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார். அந்தப் போட்டோவை மாமா எங்கள் எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். என் கொழுந்தனுக்கும் அனுப்பினார்.

ஊருக்கு வந்தார். ஒரு மாதம் முடிந்தது. கிளம்புவதற்கான போன் வரவில்லை.

அவரை வேலைக்கு வைத்திருந்தது மேடைக் கம்பெனி இல்லை, ஆள் அனுப்புகிற ஓர் ஏஜென்சி. இவரே கூப்பிட்டுக் கேட்டார். "இப்போதைக்கு ஆள் தேவைப்படல சார், சொல்றோம்" என்றார்கள். மறுமாதமும் அதையே சொன்னார்கள். வேலையை விட்டு எடுத்ததாக யாரும் சொல்லவில்லை. அவர் செய்தது தப்பு என்றும் சொல்லவில்லை. போன் வரவில்லை, அவ்வளவுதான். பிறகு சூரிபாபுதான் கூப்பிட்டு, "அண்ணா, நீங்க நின்ன இடத்துல புதுப் பையன் ஒருத்தன் நிக்கிறான்" என்று சொன்னார்.

மாமா காட்டில் தக்காளி போட்டார். குச்சி நட்டுக் கயிறு கட்டினார். சிரிப்பும் பேச்சும் கொஞ்சம் குறைந்திருந்தன, அவ்வளவுதான். நன்றாகத்தான் இருந்தார்.

அடுத்த வருஷம் ஒரு போன் வந்தது. மேடையில் வேலை பார்க்கிற வேறொருவர் பேசினார். சூரிபாபு தொட்டிக்குள் இறங்கினார், விழுந்துவிட்டார். வாசலில் நின்ற பையன், விழுந்தவரைத் தூக்குவதற்காகத் தானும் இறங்கினான். இரண்டு பேரும் திரும்பி வரவில்லை.

செய்தி கேட்டு நான் போனபோது மாமா காட்டில் வரப்பு மேல் உட்கார்ந்திருந்தார். அக்கா தட்டில் கொண்டுவந்து வைத்த சாப்பாடு ஆறிக் கிடந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நான் இருந்திருந்தா நிறுத்தியிருப்பன் பாப்பா."

"ஆமாங்க மாமா."

"நான் இல்லாமப் போனதே அதுக்கு முன்னாடி நிறுத்துனதாலதான். அன்னிக்கு வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா இன்னிக்கு அந்த வாசல்ல நான்தான் நின்னிருப்பன்." என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "அப்ப அன்னிக்கு நான் சும்மா இருந்திருக்கணுமா? சொல்லு. நீ படிச்சவதான?"

ஆறிப்போன தட்டை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினேன்.

அதன்பிறகு மாமா கையைத் தூக்குவதை விட்டுவிட்டார். மார்க்கெட்டில் லாரி மேல் தக்காளிப் பெட்டியை ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கிக் கயிறு கட்டாமல் கிளப்புவார்கள். பார்ப்பார், நகர்ந்து போவார். என் வீட்டு மாடி கட்டும்போது கொத்தனார் இரண்டு டிரம் மேல் பலகையைப் போட்டு நின்று பூசிக்கொண்டிருந்தார். மாமாவின் கண் அந்தப் பலகையிலேயே இருந்தது. ஆனால் காபியைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார். கல்யாணத்தில் அழுத அக்காதான் அன்றைக்குக் கொத்தனாரைப் பார்த்து, "ஏங்க, கொஞ்சம் இறங்குங்க, அது ஆடுது" என்றாள். சொல்லிவிட்டு, மாமா போன வழியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இரண்டு வருஷம் அப்படி இருந்தார்.

மாமாவின் காட்டை ஒட்டி அண்ணன் தம்பி இரண்டு பேருக்குக் காடு இருந்தது. அண்ணன் மாதையன், தம்பி முனிராஜ். தம்பிக்கு அண்ணன்தான் எல்லாம், அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அந்தக் கோடையில் அவர்கள் கிணற்றைத் தூர் வாரினார்கள். அடியில் கிடந்த தண்ணீரை இறைக்க ஆயில் என்ஜினைக் கிணற்றுக்குள்ளேயே ஒரு மேடையில் இறக்கி வைத்து ஓட்டினார்கள். எங்கள் பக்கம் வழக்கமாகச் செய்வதுதான். ஒரு நாள் காலையில் என்ஜின் தானாக நின்றுவிட்டது. என்னவென்று பார்க்க மாதையன் இறங்கினார். என்ஜின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அப்படியே சரிந்துவிட்டார்.

குழந்தைக்கு லீவு என்று நான் அக்கா வீட்டுக்கு வந்திருந்தேன். வாசலில் நானும் அக்காவும் புளி தட்டிக்கொண்டிருந்தோம். கூச்சல் கேட்டு ஓடினோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முனிராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றுப் படியில் கால் வைத்திருந்தான். தக்காளிக் காட்டிலிருந்து மாமா ஓடி வந்துகொண்டிருந்தார். கையைத் தூக்கவில்லை. ஓடி வந்த வேகத்தில் முனிராஜின் இடுப்பைக் கட்டிக்கொண்டு பின்னால் விழுந்தார்.

"எறங்காத! உள்ள பூரா பொகைக் காத்து. எறங்குனா நீயும் அங்கதான் கெடப்ப!"

"உடுங்கண்ணா! எங்கண்ணன் உள்ள கெடக்கறான்! உடுங்க!"

அவன் இருபத்தெட்டு வயசுப் பிள்ளை, மாமாவுக்கு ஐம்பதுக்கு மேல். "புடிங்கடா இவன!" என்று மாமா கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். இரண்டு பேர் வந்து முனிராஜின் கால்களைப் பிடித்தார்கள். யாரோ தீயணைப்புக்குப் போன் பண்ணினார்கள். கிணற்றோரத்து மண்ணில் கிடந்தபடியே மாமா ஆட்களை ஏவினார். கயிற்றில் சுருக்குப் போட்டுக் கீழே விட்டார்கள், "மாதையா, புடிச்சுக்க" என்று கூவினார்கள். வேப்பங்கிளைகளை வெட்டிக் கட்டாகக் கட்டி, காற்று அசையட்டும் என்று கிணற்றுக்குள் இறக்கி இறக்கித் தூக்கினார்கள். நானும் எட்டிப் பார்த்தேன். முனிராஜ் தலையைத் திருப்பிக் கிணற்றுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கை ஆட்டறான்! எங்கண்ணன் கை ஆட்டறான், என்னைக் கூப்புடறான்! பாருங்கடா, ஆட்டறான்!"

அவன் மாமாவின் முழங்கையைக் கடித்தான். ரத்தம் வந்தது. மாமா பிடியை விடவில்லை.

தீயணைப்பு வண்டி பாலக்கோட்டிலிருந்து வந்தது. முகத்தில் மூடி மாட்டிக்கொண்டு ஒருவர் இறங்கி மாதையனை மேலே கொண்டுவந்தார். உயிர் இல்லை.

சாவு வீட்டுக்கு மாமா போனார். போக வேண்டாம் என்று அக்கா எவ்வளவோ சொன்னாள். முனிராஜ் பாடையின் பக்கத்திலிருந்து எழுந்து வந்து, கூட்டத்துக்கு நடுவில் சொன்னான். "எங்கண்ணன கெணறு கொல்லல. இந்தாளுதான் கொன்னாரு. உட்டிருந்தா தூக்கியாந்திருப்பன்." மாமா தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளாமல் நேராகத் தக்காளிக் காட்டுக்குப் போய்விட்டார். ஊரிலும் இரண்டு பேச்சு இருந்தது. தம்பியாவது பிழைத்தானே என்றார்கள். சமயத்தில் விட்டிருந்தால் இரண்டு பேரும் பிழைத்திருப்பார்கள் என்றும் சொன்னார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தபிறகு ஒரு சாயந்திரம் மாமா என்னிடம் கேட்டார்.

"அன்னிக்கு நீயும் எட்டிப் பாத்தியே பாப்பா. மாதையன் கை ஆடுச்சா?"

"இல்லீங்க மாமா. நான் பாத்தப்ப அசைவே இல்ல."

முழங்கையில் ஆறிக்கொண்டிருந்த கடிக்காயத்தைத் தடவிக்கொண்டே சொன்னார். "எனக்கு ஆடுன மாதிரிதான் இருந்துச்சு. ஆடறதப் பாத்துக்கிட்டேதான் இவன அமுக்கிப் புடிச்சிருந்தன்." பிறகு, "அந்தப் பையனும் அப்படித்தான் பாத்திருப்பான். சூரிபாபு கையப் பாத்திருப்பான். அதான் எறங்கிட்டான்" என்றார்.

அதற்கப்புறம் அவர் அதிக காலம் இருக்கவில்லை. மாரடைப்பு. தக்காளி பறித்துக்கொண்டிருந்தவர் செடி வரிசைக்கு நடுவே சாலில் உட்கார்ந்தார், எழவில்லை. ஊர் முழுக்க வந்தது. என் கொழுந்தன் பாப்பாரப்பட்டியிலிருந்து வந்து பாடை தூக்கினான். முனிராஜ் வரவில்லை.

மாமாவை நினைத்தால் எனக்கு அவர் போவதற்குச் சில மாதம் முன்னால், பாலக்கோட்டுத் தக்காளி மார்க்கெட்டில் ஒரு காலைதான் நினைவுக்கு வருகிறது. நான் பஸ்ஸுக்கு வந்தவள், அவரைப் பார்த்து நின்று பேசிக்கொண்டிருந்தேன். எதிரே முனிராஜ் ஒரு டிராக்டரிலிருந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தான். அவனுடைய பெண்குழந்தை டிராக்டர் சீட்டில் உட்கார்ந்து தக்காளி தின்றுகொண்டிருந்தது. அவன் மாமாவைப் பார்த்துவிட்டான். கையிலிருந்த பெட்டியைப் பொத்தென்று வைத்தான். எங்கள் பக்கம் பார்த்துக் காறித் துப்பினான். வாயில் வந்த வார்த்தையையும் சொன்னான். சுற்றி நின்ற வியாபாரிகள் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் பையைக் கீழே வைத்தேன். "இன்னும் எத்தன காலத்துக்குங்க மாமா இதக் கேட்டுக்கிட்டு இருப்பீங்க? அவன் உசுரோட நிக்கறதே உங்களாலதான். நான் போய்க் கேக்கறன்."

மாமா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"திட்டட்டும் பாப்பா. திட்டறதுக்கு ஒருத்தன் இருக்கறான் இல்ல."

பஸ் வந்துவிட்டது. ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தேன். முனிராஜ் கடைசிப் பெட்டியை இறக்கி, குழந்தையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு டீக்கடைப் பக்கம் நடந்துகொண்டிருந்தான். மாமா தம்முடைய கூடைகளை மறந்துவிட்டு, அவன் நடப்பதையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.